தொலைவு, கிலோமீட்டரில்

படிவம் கேட்கிறது:
அருகிலுள்ள பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம்?
பூட்டாய் முகியா துடுப்பை மடியில் கிடத்திவிட்டுத்
திருப்பிக் கேட்கிறான்:
எந்த மாசத்தில்?

இப்போது கோசி ஒல்லி.
இங்கே பற்றவைத்த பீடி
அக்கரை மணலில்தான் அணையும்.
மழை மாசத்தில் மூன்று கிளை, மூன்று படகு,
நடுவில் முழங்கால் சேறு,
முழுக் கட்டும் தீர்ந்துபோகும்.
பீடிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று
பயிற்சி வகுப்பில் சொல்லித்தரவில்லை.
பத்துக்கு மேல், என்று எழுதினேன்.
அதற்கு மேல் கட்டமே இல்லை.

கட்டையா டோலா.
இரண்டு கரையணைகளுக்கு நடுவே
நூற்றுப் பதினேழு வீடு.
போன கணக்கெடுப்பில் ஆற்றுக்கு மேற்கே இருந்த ஊர்.
வரைபடத்தில் இன்னும் அங்கேதான் இருக்கிறது.
வரைபடத்தின்படி
நான் நிற்கும் இடம் நீலம்.

பிலட் சதா?
ஜலந்தர்.
அவர் தம்பி?
ஜலந்தர்.
எதிர்வீடு?
லூதியானா, சைக்கிள் கம்பெனி.
சட் பூஜை முடிந்த மறுநாள் போனவர்கள்
அடுத்த சட் பூஜைக்கு வருவார்கள்.

எண்ணுகிற இருபது நாளும் ஊரில் இல்லாதவரை
இங்கே எழுதக் கூடாது.
சொன்னேன்.
சோமனி தேவி விடவில்லை:
ரேஷன் அட்டையில் இருக்கிற ஆள்
உன் தாளில் மட்டும் எப்படிச் செத்தான்?

ரயில் நிலையம்?
முப்பத்தொன்று, என்றன நாலு வாசல்கள் ஒரே நேரத்தில்.
ஊரில் சண்டையில்லாத ஒரே எண் அது.
ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது
மூட்டையோடு நடந்து அளந்தது.

கடைசி இரவு வீடில்லாதவர்களுக்கானது.
டார்ச்சும் படிவமுமாய்த் துறையில் உட்கார்ந்திருந்தேன்.
தர்பூசணி நடவுக்கு வந்த கூலிகள் மூன்று பேர்.
ஒரு சாது:
வயது தெரியாது என்றார்,
தகப்பன் பெயர் சொல்ல மாட்டேன் என்றார்,
தீப்பெட்டி இருக்கிறதா என்றார்.

நள்ளிரவுதான் எல்லை.
பன்னிரண்டுக்கு முன் பிறந்தால் ஆள்.
பின் பிறந்தால்
பத்து வருஷம் வரிசையில் நிற்க வேண்டும்.

இருட்டுக்குள்ளிருந்து படகு வந்தது.
ஆஸ்பத்திரிக்குப் போன படகு,
ஆஸ்பத்திரியைப் பார்க்காமலே.
ராம்பரி படுத்திருந்தாள்.
அவள் மாமியார் கையில்
கோதுமைச் சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்று
கோபமாக அழுதது.

எத்தனை மணிக்குப் பிறந்தது?
வெளிச்சத்துக்குப் பிடித்திருந்த போன்
அதற்கு முன்பே செத்துவிட்டதாம்.
பூட்டாயைப் பார்த்தேன்.
ரெண்டாவது பீடி அப்போதான் பற்றவைத்தேன்,
இவள் கத்தின கத்தலில்
தண்ணிக்குள் விழுந்துவிட்டது.

பிறந்த இடம்?
நடு ஆறு.
இக்கரைப் பக்கமா, அக்கரைப் பக்கமா?
தண்ணி எந்தப் பக்கம்
என்றான்.

கூலிக் கணக்கு பேசினார்கள்.
ஏறும்போது நாலு பேர்.
பாதியில் திரும்பியதால் பாதிக் கூலி என்றாள் மாமியார்.
பாதி போய்ப் பாதி வந்தால் முழுசு என்றான் பூட்டாய்.
அவன் சொன்னதுதான் சரி,
கணக்கு டீச்சர் நான், வாயைத் திறக்கவில்லை.
புதிதாக வந்ததற்குக் கூலி கேட்கவில்லை.
எடை ஏறலையே,
இறங்கும்போதும் படகு அதே மட்டத்தில்தான் நின்றது
என்றான்.

என் மணிக்கட்டில் பன்னிரண்டு பதினேழு.
கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.
எழுதினேன்:
பெண். வயது, பூஜ்யம்.
பெயர் இன்னும் வைக்கவில்லை.
மொத்தம், அறுநூற்று நாலு.
பேருந்து, இல்லை. தார்ச்சாலை, இல்லை.
நீர்வழிப் போக்குவரத்து, உண்டு.

டார்ச் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.
அக்கரைக்கு எப்போது கிளம்பலாம், கேட்டேன்.
பூட்டாய் துறையை ஒருமுறை நோட்டம் விட்டான்,
சாதுவை, தூங்கும் கூலிகளை,
என்னை.

ஆள் பத்தாது,
இன்னும் ரெண்டு பேர் வரட்டும்.