தோலில் ஒரு துளை

தானா ஏரித் தீவு. மழை விடாத ஹம்லே மாதம்.
வறுத்த பார்லியும் விளக்குக் கரியும் கரைத்த மையில்
படியெடுத்துக்கொண்டிருந்தேன்,
கடவுளைப் பற்றி யாரோ ஒருவர் எழுதிவைத்த தர்க்கத்தை.
அழகான வாக்கியங்கள்.
படிக்கப் படிக்க நாவூறும்.

பதினேழாம் ஏட்டில் ஒரு துளை.
ஆடு உயிரோடிருந்தபோது உண்ணி கடித்த இடம்.
தோலைப் பதமிட்ட லெம்மா இழுத்துக் கட்டியதில்
கண்ணாக விரிந்துவிட்டது.
அப்போதே தைத்திருக்கலாம், சோம்பேறி.

எழுத்து அதைச் சுற்றித்தான் போகவேண்டும்.
இந்தக் கரையில், ‘அவர் இல்லாத இடம்’
அந்தக் கரையில், ‘இல்லை’

நடுவே, துளை வழியே,
அடியில் கிடந்த ஏடு தெரிந்தது.
வெட்டுக்கிளி வந்த ஆண்டின் வரலாறு,
போன மாதம் நானே எழுதியது.
துளைக்குள் அடங்கியது ஒரே ஒரு பெயர்.
அதன் பக்கத்தில் எழுதிய வயது, நான்கு,
தோலுக்கடியில் போய்விட்டது.

மறுபடி வாசித்தேன்:
அவர் இல்லாத இடம்
யெஷி
இல்லை

மடத்தலைவர் ஸெர்ஸா ஊசியும் நரம்பும் கொடுத்தனுப்பினார்.
மை காயட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.
ஊசி மெழுகில் குத்தியபடி நிற்கிறது.
மை காய்ந்து
மூன்று நாளாகிறது.