முன் அனுபவம்

பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும்.
தேறினேன், கணக்கில் மட்டும் இரண்டாந் தடவை.
மாற்றுச் சான்று, சாதிச் சான்று, நகல் மூன்று,
நகலில் பச்சை மைக் கையெழுத்து:
பல்லடம் ஆஸ்பத்திரி டாக்டர்
ஊசி போடும் வரிசைக்கு நடுவே
நிமிராமல் போட்டுத் தந்தார்.

முன் அனுபவம் என்ற கட்டத்தில்
பேனா நின்றுவிட்டது.

ஒன்பது வருசமாய்
காமநாயக்கன்பாளையம் நூலகத்தைக் கூட்டுகிறேன்.
தறிக்கூடத்துப் பஞ்சு சன்னலில் நுழைந்தால்
முதலில் எந்த அலமாரியில் இறங்கும், தெரியும்.
கோழி வளர்ப்புப் புத்தகம் காணாவிட்டால்
யார் பண்ணைக்கு ஆள் விட வேண்டும், தெரியும்.
அந்தத் தடித்த நாவலில்
அறுபதாம் பக்கத்துக்கு அப்பால்
விரல் அழுக்கே கிடையாது.

"கூட்டறதெல்லாம் அனுபவத்துல வராதுங்க்கா"
என்றாள் கோவையில் மனு வாங்கிய சுகுணவதி.
பாவம், அவளும் தினக்கூலிதான்.
கட்டத்தைக் காலியாக விட்டேன்.

முதல் வகுப்பில் பகுப்பு எண்.
வேளாண்மைக்கு அறுநூற்று முப்பது,
நெசவுக்கு அறுநூற்று எழுபத்தேழு.
பக்கத்துப் பட்டதாரிப் பெண் மலைத்துப்போனாள்.
எங்க வீட்டிலும் நூலுக்கு நம்பர்தானுங்களே:
கரண்ட் போன ராத்திரியில்
நாற்பதையும் அறுபதையும்
விரலால் தடவியே பிரிப்பார் என் வீட்டுக்காரர்.

ஆறு மாதம் முடிந்தது. சான்றிதழ் வரவில்லை.
கோழிப் புத்தகத்தை மட்டும்
636.5க்கு மாற்றி வைத்திருந்தேன்.
நேற்று பண்ணைக் குழந்தைவேல் வந்து
பழைய மூலையில் துழாவி, துழாவி
நூலகரைத் தாண்டி என்னைப் பார்த்தார்.
எடுத்துக் கொடுத்தேன்,
விளக்குமாற்றை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு.