சிவப்பு, சுவப்பு

பதினாறு அங்குலத் தலையணைக்குப்
பதினேழாய் வெட்டினால் போதும் என்று நினைத்தேன்.
இலவம்பஞ்சு அளவுகோலை மதிப்பதில்லை.

பின்பக்கம் ஜிப் வைக்கவில்லை.
ஒன்று பன்னிரண்டு ரூபாய், உறை ஆறு,
நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.
ஒரு துண்டின்மேல் இன்னொரு துண்டு
மொய்க்கவர் மாதிரி ஏறிப் படுத்துக்கொள்ளும்.
அந்த வாய் வழியாகத் தலையணையை நுழைத்துவிட்டால்
ஆயிற்று.

முன்பக்கம் வெறும் காடாத் துணி,
நடுவில் ஒரு நட்சத்திரம்.
எனக்கு வருவது அவ்வளவுதான்:
ஓட்டத் தையலில் கோடு,
முனைக்கு ஒரு முடிச்சு.
ஊசியில் நூலை மூன்று சுற்றுச் சுற்றிப்
பெருவிரலால் அமுக்கி இழுத்தால்
நல்லமிளகு போல உட்காரும்.

டிசம்பர் பதினெட்டு. தூறல்.
வாசலில் ஸ்டார் கட்ட
தேவநேசன் ஏணி தேடிக்கொண்டிருந்தார்.
கிறிஸ்துதாஸ் அண்ணன் வருகிறாராம்,
மூன்று கிறிஸ்துமசுக்குப் பிறகு.

இரண்டு பேருக்கும் நடுவில்
ஒரு அயனிமரம் நின்றது.
வேர் எங்கள் பக்கம், கொப்பு அவர் பக்கம்.
விற்ற பணம் யார் பக்கம் என்பதில்
அண்ணன் நெய்யாற்றின்கரைக்கே குடிபோய்விட்டார்.
மரம் இப்போது
யார் வீட்டிலோ கட்டிலாய்ப் படுத்திருக்கும்.

நாலாவது உறையில், பாதி நட்சத்திரத்தில்,
நூல் தீர்ந்தது.
களியக்காவிளைச் சந்தைக் கடையில்
"அந்தச் சிவப்பு இனி பொங்கலுக்குத்தான் வரும்" என்றான்.
"பாறசாலையில கிட்டும், போய்ப் பாருங்க."

பத்து நிமிஷ பஸ்.
நூலுக்கு அங்கேயும் நூல்தான் பேர்.
சிவப்புதான் சுவப்பு ஆகிவிடுகிறது.
நான் கொண்டுபோன அரைச் சாண் மிச்சத்தைக்
கடைக்காரி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
"இது தன்னே சேச்சி" என்றாள்.

கடையில் ஒன்றாகத்தான் இருந்தது.
வீட்டு டியூப்லைட்டில் இரண்டு.
மூன்று கை சிவப்பு,
இரண்டு கை சுவப்பு.

பிரிக்கலாம்தான்.
பிரித்த இடத்தில் ஊசித்தடம் நிற்கும்.
பாகப்பிரிவினை பார்த்த வீடு,
எனக்குத் தெரியாதா?
அந்தத் தலையணையை மட்டும்
சோபா மூலையில், முதுகு தெரிய, திருப்பி வைத்தேன்.

அண்ணன் வந்தார். கேக்கை நீட்டினார்.
"அங்ஙன மழையா?" என்றார் இவர்.
"இஞ்ஞ உள்ள மழைதான்" என்றார் அவர்.
அதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை.
மரச்சீனியும் மாட்டுக்கறியும்
பேச்சு இல்லாமலே இரண்டாம் தடவை வந்தன.

தையல் தெரிந்தவள் முன்பக்கம் பார்க்கமாட்டாள்.
ஸ்டெல்லாபாய் மைனி ஒவ்வொரு உறையாய் எடுத்து
உள்ளே கைவிட்டுப் புரட்டி
நூல் ஓடிய வழியைப் பார்த்தாள்.
மூலைத் தலையணை வந்தபோது கொஞ்சம் நின்றாள்.
ஒன்றும் சொல்லாமல்
நட்சத்திரம் மேலே இருக்கும்படி வைத்தாள்.

மூன்று மணிக்கு அண்ணன்
அதில்தான் கன்னம் வைத்துத் தூங்கிப்போனார்,
வாய் திறந்தபடி.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த தேவநேசன்
எழுந்துபோய்
பேனை இரண்டில் வைத்தார்.

நாலரைக்கு எழுந்தார்.
வலது கன்னத்தில் என் நட்சத்திரம்,
விட்டுவிட்டு ஓடும் கோடுகள்,
ஐந்து மிளகுக் குழிகள்.
பதிந்த இடமெல்லாம்
ஒரே சிவப்பு.

மைனி சேலை முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.
நான் சமையலறைக்கு ஓடினேன்.
அண்ணன் சீப்பு கேட்டார்,
கண்ணாடி கேட்கவில்லை.

குடை ஒன்றுதான் இருந்தது.
மைனி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு முன்னே நடக்க,
இவர் அண்ணனோடு குடைக்குள் போனார்
பஸ் ஸ்டாண்டு வரைக்கும்.

ஒரு தோள் முழுக்க நனைந்து திரும்பி வந்து,
துடைத்துக்கொள்ளாமல்,
சோபாவில் உட்கார்ந்து சொன்னார்:
"அண்ணன்ட்ட நான் ஒண்ணும் சொல்லல்ல கேட்டியா.
அப்படியே பஸ் ஏத்தி விட்டேன்."