நூற்றெட்டுக் கட்டம்

தடைக்காலம் முடிய இன்னும் ஆறு நாள்.
காசிமேட்டில் படகுகளுக்குப் பச்சை அடிக்கிறார்கள்.
பெயிண்ட் வாசம் மாடியேறி
கீபோர்டு வரை வந்துவிட்டது.
ஐஸ் ஃபேக்டரி மாடியில் தேசப்பன் அண்ணன் ஆபீஸ் என்றால்
ஒரு மேசை, ஒரு ஃபேன், நான்.

"ஹேமா, டீசல் ஏறுனா இன்னா, எறங்குனா இன்னா,
மீனு கம்மியா வுழுந்தா இன்னா,
எல்லாத்தியும் ஒரே தாள்ல போட்டுக் குடு.
சேட்டு சாய்ங்காலம் வர்றாரு."

குறுக்கே ஒன்பது டீசல் விலை.
நெடுக்கே பன்னிரண்டு எடை.
மூலையில் சூத்திரம்.
நூற்றெட்டுக் கட்டம்,
நூற்றெட்டிலும்
மைனஸ் பதினெட்டாயிரத்து நானூறு.

அர்ச்சனையில்கூட
நூற்றெட்டும் வேறு வேறு பெயர்.

குறுக்கையும் நெடுக்கையும் மாற்றிக் கொடுத்தேனா?
கொடுத்திருந்தால் டீசல் லிட்டர் தொள்ளாயிரம் என்று
பைத்தியமாகவாவது எதையாவது காட்டும்.
இது அசையவே இல்லை.
வலை கிழிய விழுந்தாலும், வெறும் வலை வந்தாலும்
அதே நட்டம்.

தேடிப் பிடித்தேன்.
கம்ப்யூட்டர் இழுக்கிறதே என்று
போன தையில் நானே மாற்றிவைத்த அமைப்பு:
அட்டவணை தவிர மற்றதையெல்லாம் தானாகக் கணக்கிடு.
அந்தத் 'தவிர'வுக்குள் படுத்து
ஐந்து மாதமாகத் தூங்கியிருக்கிறது.
எஃப் ஒன்பதைத் தட்டினேன்.

நெடுக்கே உயிர் வந்தது.
குறுக்கே வரவில்லை.
எண்பத்தெட்டு ரூபாய் டீசலுக்கும்
நூற்று நாலு ரூபாய் டீசலுக்கும்
ஒரே பதில்.
சூத்திரத்தைத் திறந்தால்
விலைக் கட்டத்தைச் சுட்ட வேண்டிய இடத்தில்
92 என்று அடித்து வைத்திருக்கிறது
யாரோ.
யாரோ என்ன, நான்தான்.
மார்ச் கணக்கு முடித்த ராத்திரி,
கரண்ட் போய்ப் போய் வந்த ராத்திரி.

திருத்தினேன்.
மேலே சிவப்பு, கீழே கறுப்பு,
நடுவே படிக்கட்டாய் இறங்கும் ஓரம்.
நம்பிக்கை வராமல் ஒரு கட்டத்தை
காலண்டர் தாளின் பின்னால் பென்சிலில் போட்டேன்.
ஆயிரத்து இருநூறு கிலோ, டீசல் தொண்ணூற்றிரண்டு.
பென்சிலில் முப்பத்தைந்தாயிரத்து அறுநூறு.
திரையில் இருபத்து மூன்றாயிரத்து அறுநூறு.

சூத்திரத்தின் வாலில், பிறைக்குறிக்கும் அப்பால்,
மைனஸ் பன்னிரண்டாயிரம்.
கட்டமில்லை, தலைப்பில்லை.
இது என் கை இல்லை.

அண்ணன் வந்தார், நகமெல்லாம் பச்சை.
ஆயிரம் கிலோ வரிசையில் விரல் நின்றது.
மைனஸ் நாலாயிரத்து நானூறு.
"இந்த ஒண்ண மட்டும் கறுப்பாக்கேன். சேட்டு இங்கதான் பாப்பாரு."
அடித்துப் பார்த்தேன். பெட்டி ஒன்று எழும்பி மறித்தது.
"இன்னாமே சொல்லுது?"
"ஒரு கட்டத்த மட்டும் மாத்த முடியாதாம்ணா.
ஆனா வால்ல ஒரு பன்னெண்டாயிரம் சும்மா தொங்குது.
அத எடுத்துட்டா
இங்க ஏழாயிரத்து அறுநூறு லாபம்."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
திரைக்கு வெகு பக்கத்தில் குனிந்தார்.

"அது லூர்துராஜ் பங்கு.
எட்டு பேரு போயி ஏழு பேரு வந்தோமே,
அந்த ட்ரிப்புலேர்ந்து
அவன் வூட்டுக்குப் போவுது."

"பேரு போட்டுத் தனிக் கட்டமா வெக்கட்டுமாண்ணா?"

"வோணாம்.
கட்டம்னு ஒண்ணு வெச்சா
கொறச்சா இன்னான்னு கேக்கத் தோணும்."

பிரிண்ட் எடுத்தேன்.
சேட்டு ஆறரைக்கு வந்தார்,
ஆயிரம் கிலோ வரிசையிலேயே விரலை வைத்தார்,
எடுக்கவில்லை.
கீழே, ரெண்டு மாசமாய் ஓடாத ஐஸ் மெஷினை
ஓட்டிப் பார்த்தார்கள்.
மேசை அதிர்ந்தது.
டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது,
மூன்று கிளாஸிலும்.