ஆறு பவுண்டு காற்று

வாலிநோக்கத்தில் காற்றுக்கா பஞ்சம்?
கச்சான் ஷெட்டுக் கதவையே பிடுங்குகிறது.
ஆனாலும் சீனி அசன்
சங்கு குளித்த காசையெல்லாம் போட்டு
ஜிப்சிக்கு ஒரு சூப்பர்சார்ஜர் வாங்கி வந்தான்.

புல்லி அரை நூல் வெளியே நின்றது.
வாஷர் ஒன்று கொடுத்தேன்.
பிறகு இன்னொன்று.

மணல்மேட்டில் மூன்றாம் கியர்.
முள் ஆறைத் தொட்டதும்
தகரத்தில் புளியங்கொட்டை குலுங்கும் சத்தம்.
நிறுத்துடா என்றேன்.
அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

கழற்றிய பிளக்
உப்பளமாய் வெளுத்திருந்தது: பெட்ரோல் பட்டினி.
ஜெட்டைப் பெரிதாக்கி
டைமிங்கை இரண்டு டிகிரி பின்னிழுத்தேன்.

மறுபடி ஏற்றம்.
புளியங்கொட்டை இல்லை.
உச்சியில் அணைத்துப் பார்த்தால்
பிளக், வறுத்த மல்லி நிறம்.

இறங்காமலே கேட்டான்:
"எட்டு தாங்குமா?"

ஃபில்டரைத் திறந்து
அவன் உள்ளங்கையில் கொட்டினேன்,
ஒரு பிடி கரை.