ஆட்டக்களத் தரை

ஏழு மாதிரித் துண்டுகள்
ஒரு வாரமாய்ச் சமையல் மேடையில்.
நைரி ஒவ்வொன்றிலும் தேநீர் சிந்தினாள்,
சாவியால் கீறினாள்,
நாயைத் தூக்கி மேலே நிறுத்தினாள்.
ஓக் தேறியது.
விலையைப் பார்த்ததும்
நாங்கள் தேறவில்லை.

லாமினேட் போதுமே என்றேன்.
விரலால் தட்டிக் காட்டினாள்:
காலி டப்பாவின் குரல்.

டனீடனில் ஒரு பள்ளியை இடித்தார்கள்.
உடற்பயிற்சிக் கூடத்தின் ரிமுப் பலகைகள்
சதுர மீட்டர் முப்பது டாலர்;
ஆணி பிடுங்குவது உங்கள் பாடு.
மூன்று ஞாயிறு, மழையில், பிடுங்கினோம்.
ஆயிரத்தோடு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

இழைத்தால் கோடுகள் போய்விடும் என்றான் தச்சன்.
இழைக்கும் கூலியைக் கேட்டோம்.
கோடுகள் இருக்கட்டும் என்றோம்.

இப்போது
சோபாவருகே கிளம்பும் நீலக் கோடு
பாதியில் அறுந்து
ஃபிரிட்ஜ் அடியில் தலைகாட்டுகிறது.
படுக்கையறை வாசலில்
வட்டத்தின் ஒரு துணுக்கு,
எந்த வட்டம் என்று யாருக்கும் தெரியாது.

அதன்மேல் நின்று பிப்பா
சுருட்டிய காலுறையை
அழுக்குக்கூடைக்குக் குறிபார்த்து எறிகிறாள்.
விழுந்துவிட்டது.

"கோட்டை மிதிச்சிட்டே, செல்லாது"
என்கிறாள் நைரி,
வங்கிக் கடிதத்தைப்
பிரிக்காமலே கையில் வைத்துக்கொண்டு.