ஒன்று விடுபட்ட இடம்

புடுவில், கூடைப்பந்துப் புகழ்க்கூடத்தின் வாசலில்
பெயர்ப்பட்டியலைப் பார்த்து அந்தச் சின்னப்பெண் படித்தாள்:
'போர்க்கொடி'.
பொற்கொடி என்று நான் திருத்தவில்லை.
பிழைகளைப் பற்றிப் பேச
இந்தக் கட்டடத்தில் எனக்கு வாயில்லை.

உள்ளே குளிர்.
சுவரில் பன்னிரண்டு பித்தளை முகங்கள்,
ஒன்றிலும் வியர்வை இல்லை.
நடுவர் தோங்கின் விசில்
வெல்வெட் துணியில் படுத்திருந்தது.
எங்களை எப்படி விரட்டிய விசில்!
நடுச்சுவரில் கூ லே எங், பினாங்கின் நான்காம் எண்.
'ஒரே ஆட்டத்தில் நாற்பதைத் தாண்டிய முதல் பெண்.'
அதற்குக் கீழே, பூட்டிய கண்ணாடிப் பெட்டியில்,
மஞ்சள் பூத்த தாளில்
என் கையெழுத்து.

எழுபத்தொன்பது, ஆகஸ்ட். தகரக்கூரை மேல் மழை.
தொலைபேசி இலாகாவில் தட்டச்சு முடித்து
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
நேரே மேசைக்கு வருவேன்.
ஐந்து வெள்ளி, ஒரு குவளை மைலோ.
கூட்டல் பிசகாதவள் என்று கூப்பிட்டார்கள்,
பெயர் நாக்கில் புரளாததால் 'ஸ்கோர்' என்றார்கள்.
ஸ்கோர், எத்தனை?
ஸ்கோர், சாப்பிட்டாயா?

சிலாங்கூர் அறுபத்தேழு, பினாங்கு அறுபத்தாறு.
ஒன்பதாம் எண் ஐந்தாவது தவறோடு வெளியேற
துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த ஒருத்தியை
எழுப்பி உள்ளே தள்ளினார்கள்.
இயோ பெக் சிம், பதினான்கு.
மூன்று பேர் லே எங்கை மொய்த்து நிற்க
கூரை ஒழுகி நனைந்த மூலையில்
யாரும் காவல் காக்காத பெக் சிம்.
பந்து அவளிடம் வழுக்கி வந்தது.
வாளித் தண்ணீரை வாரி இறைப்பதுபோல்
இரண்டு கையாலும் இறைத்தாள்.
வளையத்தைச் சுற்றியது,
யோசித்தது,
விழுந்தது.

கூட்டம் முழுக்க 'லே எங்! லே எங்!'
நான் நான்கு என்று எழுதினேன்.
எழுதியது காது. கண் இல்லை.

யாரும் கேட்கவில்லை.
மொத்தம் சரி. கோப்பை சரி.
இரு தலைவிகளும் கையொப்பமிட்டார்கள்.
பெக் சிம் ஈரத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்,
அவள் பெயருக்கு நேரே
நான் ஒரு கோடு கிழித்துக்கொண்டிருந்தேன், இத்தனை சின்னதாக.
அவர்கள் நாவில் நான்குக்கும் சாவுக்கும் கிட்டத்தட்ட ஒரே ஓசை,
மின்தூக்கியில்கூட நான்கை எழுத அஞ்சும் ஊர் இது.
அந்த எண்ணுக்கு அதிர்ஷ்டத்தைக் கூட்டி எழுதியவள்
நான்தான்.

உரைகள் முடிந்ததும் கைத்தடி ஊன்றி
லே எங் பெட்டிக்கு அருகில் வந்தாள்.
முழங்கால் இரண்டும் இரும்பு என்று தட்டிக் காட்டினாள்.
தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
'ஸ்கோர்', என்றாள்,
பிறகு மலாயில், மெதுவாக,
'திகா பூலோ செம்பிலான்.'

முப்பத்தொன்பது.

அவளும் எண்ணிக்கொண்டுதான் ஆடியிருக்கிறாள்.

பெக் சிம் வரவில்லையா என்று நான் கேட்டேன்.
அதையே அவள் என்னிடம் கேட்க இருந்தாளாம்.
ஜெலுத்தோங் சந்தையில் மீன் நறுக்குகிறாள் என்று
எனக்கும் கேள்வி, அவளுக்கும் கேள்வி.
அவளுக்கு ஜெலுத்தோங் பத்து நிமிடம்.
எனக்கு ஓர் இரவு ரயில்.
இரண்டு பேரும் போனதில்லை.

லே எங் குனிந்து கண்ணாடியில் ஊதினாள்.
புரிந்தது.
பனித்த இடத்தில், அந்த நான்குக்கு முன்னால்
விரலால் ஒரு கோடு இழுத்தேன்.
காவலுக்கு நின்ற நேப்பாளிப் பையன்
'ஆண்ட்டி, தொடக் கூடாது' என்றான்.
தொட்டாகிவிட்டது, தம்பி.
அதற்குள் குளிர்க்காற்று அதைக் குடித்துவிட்டது,
லே எங்கைப் படமெடுக்கக் கூப்பிட்டார்கள்,
அவள் சிரிக்கப் போனாள்.

நான் நின்று, பழைய பழக்கம்,
மேலிருந்து கீழே ஒருமுறை கூட்டினேன்.
அறுபத்தெட்டு.
கீழிருந்து மேலே.
அறுபத்தெட்டு.